பெட்டி வரட்டும்

சாப்பாட்டு மேசையில் தட்டு வைக்க இடமில்லை. நடுவில் மடிக்கணினி திறந்து கிடந்தது. அதன் வயர் தண்ணீர்ச் செம்பைச் சுற்றிக்கொண்டு சுவருக்குப் போனது. மனைவி கையில் தட்டோடு நின்றுகொண்டிருந்தாள். அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. திரையில் வரிசையாக நின்ற கறுப்புப் பெட்டிகளை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். பார்க்கிறவர்களுக்கு எல்லாம் ஒரே பெட்டிதான். அவருக்கு மட்டும் ஒவ்வொன்றும் வேறாகத் தெரிந்தது.

அவர் மருந்து மொத்த வியாபாரி ஒருவரின் கிடங்கில் மேற்பார்வையாளர். ஐம்பதை நெருங்கிக்கொண்டிருக்கும் வயது. கிடங்கில் அவருக்கு ‘ஆராய்ச்சி’ என்று பட்டப்பெயர். முகத்துக்கு நேரே ‘சார்’ என்பார்கள். தலை மறைந்ததும் ‘ஆராய்ச்சி இன்னைக்கு என்ன சொல்லுது’ என்பார்கள். ஒரு குடை வாங்கப் போனாலும் கம்பியை வளைத்துப் பார்த்து, துணியைத் தடவிப் பார்த்து, ஊரிலுள்ள கடையெல்லாம் ஏறி இறங்கி, மழைக்காலம் முடிந்த பிறகு குடையோடு வீட்டுக்கு வருகிறவர். குடை நல்ல குடைதான். அதில் யாரும் குறை சொல்ல முடியாது.

இந்த முறை ஆராய்ச்சி நடந்தது ஒரு சேமிப்புப் பெட்டியைப் பற்றி. வீட்டில் எல்லோருடைய போனும் நிரம்பிவிட்டது. படம் எடுக்கப் போனால் ‘இடம் இல்லை’ என்று போனே கையை விரித்தது. கல்யாண வீடியோ ஒரு பழைய ஹார்ட் டிஸ்க்கில், மகளின் பள்ளி ஆண்டு விழா ஒரு பென் டிரைவில், பாட்டும் சினிமாவும் மடிக்கணினியில், மீதி எங்கே இருக்கிறதென்று தெரியாத இடத்தில். இவை எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் போட்டு, அந்தப் பெட்டியை வீட்டு வைஃபையோடு இணைத்துவிட்டால், யார் வேண்டுமானாலும் எந்த அறையிலிருந்தும் எடுத்துப் பார்க்கலாம். சோபாவில் சாய்ந்துகொண்டு டிவியிலும் பார்க்கலாம். யோசனை தப்பில்லை. யோசனையோடு நின்றுபோனதுதான் தப்பு.

விலை மலிவான பெட்டியில் பெரிய படங்கள் திக்கித் திணறி ஓடும் என்று ஒருவர் எழுதியிருந்தார். நடுத்தர விலையில் உள்ளது இரைச்சல் போடும் என்று இன்னொருவர் எழுதியிருந்தார். ஒரு டிஸ்க் உள்ளதை வாங்கினால், அந்த டிஸ்க் செத்துப்போகும் அன்று எல்லாம் போச்சு. இரண்டு டிஸ்க் போட்டால் ஒன்றில் இருப்பது மற்றதிலும் இருக்கும். ஒன்று போனாலும் மற்றது காப்பாற்றும். ஆனால் விலை ஏறிவிடும். பழைய ஆபீஸ் கம்ப்யூட்டரை வாங்கி நாமே பெட்டியாக மாற்றிக்கொள்ளலாம் என்று ஒருவர் வீடியோ போட்டிருந்தார். அப்படிச் செய்தால் கரண்ட் பில் எகிறும் என்று அதற்குக் கீழே சண்டையே நடந்திருந்தது. அவர் சண்டையையும் விடாமல் படித்தார்.

கம்ப்யூட்டர் கடைக்காரர் அவரைக் கண்டாலே ஒரு நாற்காலியைத் துடைத்துப் போட்டுவிட்டுத் தன் வேலையைப் பார்ப்பார். ஒருநாள் மட்டும் கேட்டார்.

“உள்ள என்ன சார் வைக்கப் போறீங்க?”

“எல்லாந்தான்.”

“எல்லாம் சரி. எடுத்து எடுத்துப் பார்ப்பீங்களா, சும்மா வச்சிருப்பீங்களா? பார்க்கிறதுக்குன்னா ஒரு பெட்டி, வச்சிருக்கிறதுக்குன்னா ஒரு பெட்டி. அதச் சொன்னீங்கன்னா நான் இப்பவே எடுத்துக் குடுத்துடுவேன்.”

நல்ல கேள்வி என்று அவருக்குப் பட்டது. வீட்டுக்கு வந்து அதைப் பற்றியும் கொஞ்சம் ஆராய்ச்சி செய்தார்.

அவருக்கு ஒரே அக்கா. வேறு ஊரில் தனியாக இருக்கிறாள். பிள்ளைகள் இல்லை, கணவர் போய்ச் சில வருஷம் ஆகிறது. ஒரு பெரிய ஹோட்டலின் சலவைக்கூடத்தில் மேற்பார்வை பார்த்து ஓய்வு பெற்றவள். காலம் முழுக்கச் சலவை மெஷின்களின் இரைச்சலை மீறிப் பேசிப் பேசி அவள் சாதாரணமாகக் கூப்பிட்டாலே அடுத்த வீட்டில் யாராவது ‘என்ன’ என்பார்கள். அவள் கணவர் இருந்தவரை அவளை ‘ஒலிபெருக்கி’ என்றுதான் கூப்பிடுவார். அவளும் அதற்குச் சத்தமாகவே பதில் சொல்வாள்.

அம்மா இறந்தபோது அவர் கைக்குழந்தை. அக்கா அப்போது விவரம் தெரிந்த பெண். அம்மா எப்படிச் சிரிப்பாள், எதற்குக் கோபப்படுவாள், தன்னை எப்படிக் கொஞ்சினாள் என்பதெல்லாம் அவருக்குத் தெரியாது. அப்பாவும் அதைப் பற்றிப் பேசாமலே போய்ச் சேர்ந்துவிட்டார். அம்மாவைத் தெரிந்த ஒரே ஆள் இப்போது அக்காதான். என்றாவது உட்கார்ந்து கேட்க வேண்டும் என்று அவர் நினைத்துக்கொண்டே இருந்தார். அவருக்கு இருந்த என்றாவதுகளில் அதுவும் ஒன்று.

அக்காவுக்குப் போனில் எழுத்தை அமுக்கி அனுப்பப் பிடிக்காது. பேசிப் பதிந்து அனுப்பிவிடுவாள். அதுவும் சின்னதாக அனுப்பத் தெரியாது. அவர் அந்தச் செய்திகளின் நீளத்தைப் பார்த்தே மலைத்துப்போவார். கிடங்கில் லாரி வந்து நிற்கும், அப்புறம் கேட்கலாம். வீட்டில் டிவி ஓடும், அப்புறம் கேட்கலாம். எப்போதாவது அக்கா கூப்பிட்டு, அனுப்பியதைக் கேட்டாயா என்பாள். லாரி இரைச்சலில் அவள் குரல்கூடச் சரியாகக் காதில் விழாது, கேட்டேன், கேட்டேன் என்று சொல்லி வைத்துவிடுவார். பொய் சொல்கிறோம் என்றுகூட அவருக்குத் தோன்றாது. அது ஒரு வாய்ப்பழக்கம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பெட்டிகளை ஒப்பிட்டு யாரோ போட்டிருந்த வீடியோவைப் போனில் இறக்கப் பார்த்தார். இடம் இல்லை என்றது போன். யார் அனுப்பியது எவ்வளவு இடத்தை அடைத்திருக்கிறது என்று பார்த்தார். எல்லோருக்கும் மேலே அக்கா இருந்தாள். கிடங்கில் அவருடைய முதல் விதி, இடத்தை அடைத்துக்கொண்டு நகராமல் கிடக்கிற சரக்கை முதலில் காலி பண்ண வேண்டும் என்பது. அந்த விதியால்தான் அவருடைய கிடங்கு எப்போதும் பளிச்சென்று இருக்கும். அக்காவின் செய்திகள் எதுவும் திறக்கப்படவே இல்லை. திறக்காத சரக்கு, நகராத சரக்கு. மொத்தமாகத் தேர்ந்தெடுத்து அழித்துவிட்டார். அக்காதானே, எங்கே போய்விடப் போகிறாள், நேரில் கேட்டுக்கொண்டால் ஆயிற்று என்று நினைத்தார். போன் லேசாகிவிட்டது போல இருந்தது. வீடியோவும் நன்றாக இறங்கியது.

அதற்குச் சில நாள் கழித்து அக்கா அவருடைய மனைவியைக் கூப்பிட்டாள். தொண்டையில் ஏதோ வளர்ந்திருக்கிறதாம். அங்கே உள்ள டாக்டர் பார்த்துவிட்டு, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று சொல்லிவிட்டாராம். பெரிய ஆஸ்பத்திரி இவர்கள் ஊரில்தான் இருந்தது. ஒரு பையோடு அக்கா வந்து இறங்கினாள். பஸ்ஸிலிருந்து இறங்கியவள் “தம்பி” என்றாள். அவர் திரும்பவில்லை. அது அக்காவின் குரல் என்று அவருக்குத் தெரியவில்லை. பாதிதான் குரலாக வந்தது. மீதி வெறும் காற்றாக வந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா எல்லாச் சோதனைகளையும் செய்துவிட்டு, குரல் எப்போதிலிருந்து இப்படி இருக்கிறது என்று கேட்டார். போன மழைக்காலத்திலிருந்து கம்ம ஆரம்பித்ததாகவும், வரவர மோசமானதாகவும் அக்கா சொன்னாள்.

டாக்டரம்மா அவர் பக்கம் திரும்பினார். “இவ்வளவு நாளா கூட இருக்கிறவங்க யாருமே கவனிக்கலையா?”

அவர் வாயைத் திறப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டாள். “நான் தனியா இருக்கேன் டாக்டர். என் குரல யாரு கேக்குறா?” என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். டாக்டரம்மா சிரிக்கவில்லை. ஆரம்பத்திலேயே வந்திருந்தால் கதிர்வீச்சு கொடுத்தே சரிபண்ணப் பார்த்திருக்கலாம், இப்போது குரல்வளையையே எடுத்தாக வேண்டும் என்றார். உயிருக்குப் பயமில்லை. பிறகு ஒரு கருவியை வைத்துப் பேசப் பழகிக்கொள்ளலாம். ஆனால் அது இந்தக் குரலாக இருக்காது.

அக்கா அனுப்பிய செய்திகளில் ஒன்றிரண்டைக் கேட்டிருந்தாலே அவள் குரல் கம்முவது தெரிந்திருக்கும். உடனே போய்க் காட்டு என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அது அப்போது அவருக்குத் தோன்றவில்லை. தோன்றவில்லை என்பதைவிட, அவர் தோன்ற விடவில்லை என்பதுதான் சரி.

ஆபரேஷனுக்கு முறை வரக் கொஞ்ச நாள் ஆகும் என்றார்கள். அக்கா அவர் வீட்டிலேயே தங்கினாள். முதல் நாள் சாயங்காலமே அவர் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

“உன்கூடக் கொஞ்சம் பேசணும்டா. அனுப்பினதுல மீதி இருக்கு. அத நேர்ல சொல்லணும்னுதான் வச்சிருக்கேன்.”

அவருக்கும் அப்போதுதான் சுருக்கென்றது. இந்தக் குரல் போகப்போகிறது. அம்மாவைப் பற்றிக் கேட்பதற்கு இதைவிட்டால் நேரம் இல்லை. நல்ல எண்ணம்தான் வந்தது. ஆனால் ஆராய்ச்சியின் மூளையில் எந்த நல்ல எண்ணமும் நேராக வெளியே வராது.

“சொல்லுக்கா, எல்லாமே சொல்லு. அம்மா பத்தியெல்லாம் சொல்லணும். பதிஞ்சு வச்சுக்கலாம். ஆனா இந்தப் போன்ல எடுத்தா ஒரே இரைச்சலா வரும், இடமும் இல்ல. நல்ல மைக் ஒண்ணு பார்த்து வச்சிருக்கேன். பெட்டியும் வந்துடட்டும். ஒரே தடவையா, தெளிவா எடுத்துப் பத்திரமா வச்சிடலாம்.”

“நீ கேக்குறதுன்னா நான் இப்பவே சொல்லிடுவேன்டா. மைக்கெல்லாம் எதுக்கு?”

“அவசரப்படாதக்கா. தொண்டைக்கும் ஓய்வு வேணும்ல? பெட்டி வரட்டும்.”

பெட்டி ஏன் வரவில்லை என்றால், அடுத்த வாரம் தள்ளுபடி விற்பனை தொடங்கவிருந்தது. ஒருவழியாக அவர் இரண்டு டிஸ்க் பெட்டி ஒன்றை முடிவு செய்திருந்தார். இப்போது வாங்கினால் முழு விலை. கொஞ்சம் பொறுத்தால் நன்றாகக் குறையும். இதில் அவசரப்படுவது முட்டாள்தனம் என்று மனைவியிடம் விளக்கினார். அவள் பல் கிளினிக் ஒன்றின் வரவேற்பில் வேலை பார்க்கிறவள். தினமும் வலியோடு காத்திருக்கிற முகங்களைப் பார்த்துப் பழகியவள்.

“பெட்டி கிடக்கட்டும்ங்க. அண்ணி பேசணும்னு வந்து வந்து உக்கார்றாங்க. அந்தக் கம்ப்யூட்டர மூடிட்டு ஒரு நாள் காதக் குடுங்க. பதியலன்னா என்ன, உங்களுக்கு ஞாபகம் இருக்காதா?” என்றாள்.

ஞாபகத்தை நம்ப முடியாது என்றார் அவர். அதற்குத்தானே பெட்டி.

அக்கா தினமும் வந்து உட்கார்ந்தாள். அவர் திரையைப் பார்ப்பார். அவள் அவரைப் பார்ப்பாள். ஒருநாள் திரையிலிருந்த பெட்டியைக் காட்டி, இது என்ன செய்யும் என்று கேட்டாள். எதையும் தொலைய விடாது என்று அவர் பெருமையாகச் சொன்னார். பரவாயில்லையே என்று அவள் தலையாட்டினாள். பிறகு எழுந்துபோய் அவர் மகளின் துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். மகள் கல்லூரிப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். அத்தை மடித்துவைத்த துணி கடையில் அடுக்கியது போல இருக்கும் என்று அவளுக்கு ஒரே சந்தோஷம். உனக்கும் உன் அம்மாவுக்கும் சொல்ல எனக்கு ஆயிரம் கதை இருக்கிறது, ஆனால் இது அவனிடம் சொல்ல வேண்டியது என்று அக்கா அவளிடம் ஒருமுறை சொல்லியிருக்கிறாள். அது பிறகுதான் தெரிய வந்தது.

அவர் அக்காவுக்கு ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்லக் கூடாது. ஆபரேஷனுக்குப் பிறகு எழுதிக் காட்டித்தான் பேச வேண்டியிருக்கும் என்று பெரிய திரை வைத்த ஒரு புதுப் போன் வாங்கிக் கொடுத்தார். எழுதினால் அதைப் படித்துச் சொல்லும் வசதியை மகள் அதில் வைத்துக் கொடுத்தாள். அக்காவின் பழைய போனைக் கடையில் கொடுத்தால் புதுப் போனின் விலை குறையும் என்பதால், அதில் இருந்ததையெல்லாம் அழித்துச் சுத்தமாகத் துடைத்துவிட்டுக் கொண்டுபோனார்.

“அதுக்குள்ள இருந்ததெல்லாம்?” என்று அக்கா கேட்டாள்.

“உன் படமெல்லாம் எடுத்து வச்சுட்டேன்க்கா.”

“அது சரி. உனக்கு அனுப்பினதுதான் உங்கிட்ட இருக்கே” என்றாள் அக்கா. ஆமாம் என்று அவர் தலையாட்டினார்.

தள்ளுபடி விற்பனை தொடங்கியது. காத்திருந்தது வீண் போகவில்லை. எதிர்பார்த்ததற்கு மேலேயே விலை குறைந்திருந்தது. பெட்டியையும் மைக்கையும் ஆர்டர் செய்துவிட்டு, அன்று அவர் கிடங்கில் எல்லோருக்கும் தேநீர் வாங்கிக் கொடுத்தார். அன்று சாயங்காலமே ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. ஆபரேஷனுக்கு நாள் குறித்திருந்த ஒருவருக்குக் காய்ச்சலாம். அந்த இடம் காலியாக இருக்கிறது, உடனே வந்து சேருங்கள், காலையில் செய்துவிடலாம், தள்ளிப்போடுவது நல்லதில்லை என்றார்கள்.

வீடே அல்லோலகல்லோலப்பட்டது. பை எங்கே, ரிப்போர்ட் எங்கே, மாற்றுத்துணி எங்கே என்று ஆளுக்கு ஒரு பக்கம் ஓடினார்கள். பெட்டி எப்போது வரும் என்று காரில் அவர் இரண்டு தடவை பார்த்தார். நாளைக்கு என்று காட்டியது. ஒருநாள் முன்னால் வந்திருக்கக் கூடாதா என்று அந்தக் கம்பெனியின் மேல் அவருக்குக் கோபம்கூட வந்தது.

வார்டில் கட்டில் கொடுத்தார்கள். நர்ஸ் வந்து, கூட வந்தவர்கள் கிளம்பலாம் என்று சொன்னார். அக்கா அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

“நான் சொன்னதெல்லாம் உங்கிட்ட இருக்குல்ல?”

“எல்லாம் பத்திரமா இருக்குக்கா.”

“அப்பச் சரி” என்றாள் அக்கா.

அவள் சொந்தக் குரலில் அவரிடம் பேசிய கடைசி வார்த்தை அதுதான்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அன்றைக்கே பெட்டியும் வந்தது. சும்மா சொல்லக் கூடாது, அருமையான பெட்டி. இரைச்சல் இல்லை, சூடு இல்லை. அக்கா ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில், பார்த்துவிட்டு வந்த மீதி நேரத்தில் அவர் அதில் எல்லாவற்றையும் ஏற்றினார். ஹார்ட் டிஸ்க், பென் டிரைவ், எல்லோருடைய போன் என ஒன்று விடவில்லை. ஆள் முகத்தைக் காட்டினால் அந்த ஆள் இருக்கும் படங்களையெல்லாம் அதுவே தேடிக் கொடுத்தது. அக்கா வந்ததும் காட்டி அசத்த வேண்டும் என்று நினைத்திருந்தார்.

கழுத்தில் ஒரு சின்னக் குழாயோடு அக்கா வீட்டுக்கு வந்தாள். உடம்பு தேறியிருந்தது. புதுப் போனில் ஒவ்வொரு எழுத்தாக அமுக்குவாள். போன் அதைச் செய்தி வாசிப்பது போலப் படித்துச் சொல்லும். ‘ஏண்டா இளைச்சுட்ட’ என்பதைக்கூட அது வானிலை அறிக்கை போலச் சொன்னது. மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். அக்காவும் சிரித்தாள், சத்தம் வராமல்.

அன்று சாயங்காலம் எல்லோரையும் டிவிக்கு முன்னால் உட்கார வைத்து அவர் அக்காவின் முகத்தைத் தேடப் போட்டார். வீடியோக்கள் வரிசையாக வந்தன. மகளின் பிறந்தநாள். அக்கா ஏதோ சொல்ல வாயெடுக்கிறாள். கேமராவுக்குப் பின்னாலிருந்து அவர் குரல்: “அக்கா, கொஞ்சம் பேசாம இரு, வீடியோ ஓடுது.” அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள். அடுத்தது, எல்லோரும் கடற்கரைக்குப் போனது. “அக்கா, உன் சத்தந்தான் விழுது, கொஞ்சம் தள்ளி நில்லு.” அக்கா படத்தை விட்டு வெளியே போகிறாள். அடுத்தது, புது வீட்டுக்குக் குடிவந்த அன்று. “ஷ்ஷ், அக்கா.” எல்லாம் துல்லியமாக ஓடின. எங்கேயும் திக்கவில்லை.

“அப்பா, அத்தை பேசுறது ஒண்ணுலகூட இல்லையே” என்றாள் மகள்.

அவர் வேகமாக அடுத்தடுத்துத் தள்ளினார். எல்லாவற்றிலும் அவர் குரல்தான் இருந்தது. அக்கா போனில் எழுத்துகளை அமுக்க ஆரம்பித்தாள். வழக்கத்தைவிட நேரம் எடுத்துக்கொண்டாள். பிறகு போன் சொன்னது:

“அதெல்லாம் விடு. நான் பேசி அனுப்பினேனே, அம்மா பத்தி. அதப் போடு. இவங்களும் கேக்கட்டும்.”

மனைவியும் மகளும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். அம்மாவைப் பற்றியா? அந்தச் செய்திகள் எல்லாம் அம்மாவைப் பற்றியா? இன்னும் பெட்டியில் ஏற்றவில்லை, தேடி எடுக்க வேண்டும் என்று ஏதோ உளறிவிட்டு எழுந்து போனார்.

தேட என்ன இருக்கிறது? இருந்தாலும் தேடினார். போனை மகளிடம் கொடுத்து மீட்க முடியுமா என்று கேட்டார். அவள் என்னென்னவோ செய்துபார்த்து உதட்டைப் பிதுக்கினாள். பழைய போனைக் கொடுத்த கடைக்கு ஓடினார். அது எப்போதோ கைமாறிப் போயிருந்தது. அதுவும் அவரே துடைத்துக் கொடுத்த போன். கம்ப்யூட்டர் கடைக்காரரிடம் போனார். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அழித்ததற்கு மேலே நிறைய வீடியோ இறக்கியிருக்கிறீர்கள் சார், இனி ஒன்றும் மிஞ்சியிருக்காது என்று சொன்னார். கிடங்கில் அன்று அவர், நகராத சரக்கைக் காலி பண்ணட்டுமா என்று ஒருவர் வழக்கம் போல வந்து கேட்டதற்குக் காரணமில்லாமல் எரிந்து விழுந்தார்.

அக்கா அவசரப்படுத்தவில்லை. அவர் வீட்டுக்கு வரும்போதெல்லாம் ஒருமுறை முகத்தைப் பார்ப்பாள், அவ்வளவுதான். அந்தப் பார்வையை அவரால் தாங்க முடியவில்லை. ஏதாவது ஒரு பொய்யைச் சொல்லித் தப்பித்துவிடலாமா என்றும் யோசித்தார். பெட்டி கெட்டுவிட்டது என்று சொல்லலாம். அக்கா நம்பிவிடுவாள். அவள் இதுவரை அவர் சொன்ன எல்லாவற்றையும் நம்பியிருக்கிறாள். அதை நினைத்ததும் பொய் தொண்டையிலேயே நின்றுவிட்டது.

ஒரு சாயங்காலம் அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தபோது அவர் போய்த் தரையில் உட்கார்ந்தார்.

“அக்கா, நீ அனுப்பினது எதுவும் எங்கிட்ட இல்ல. நான் ஒண்ணக்கூடக் கேட்கல. போன்ல இடம் இல்லன்னு மொத்தமா அழிச்சுட்டேன்.”

அக்காவின் கை நின்றது. மடித்துக்கொண்டிருந்த துண்டை மடியில் வைத்துக்கொண்டு அவரையே பார்த்தாள். பிறகு போனை எடுத்தாள். எழுதினாள், அழித்தாள், மறுபடியும் எழுதினாள். போன் எந்த ஏற்ற இறக்கமும் இல்லாமல் சொன்னது:

“எடுத்து வைக்கிறதுக்கு நான் சொல்லலடா. நீ கேக்குறதுக்குச் சொன்னேன்.”

அவர் தலை குனிந்துகொண்டார். அப்படியானால் எழுதியாவது தருகிறாயா என்று கேட்கத்தான் வாயெடுத்தார். அதை அவள் புரிந்துகொண்டாள். எழுதினால் வராது என்று தலையை ஆட்டினாள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக எழுதிச் சொன்னாள். அம்மா அவரைத் தூக்கி வைத்துக்கொண்டு என்னென்ன பேசுவாளோ அதையெல்லாம் அம்மா மாதிரியே பேசிக் காட்டியிருந்தாளாம். அம்மா அவரைக் கூப்பிடும் விதம், அவர் பாலைக் கக்கிவிட்டால் பொய்க்கோபத்தோடு திட்டும் விதம், இவன் என் பேச்சைக் கேட்பானா என்று அக்கம்பக்கத்தாரிடம் அலுத்துக்கொள்ளும் விதம். அக்காவின் குரல் அம்மாவின் குரல் போலவே இருக்கும் என்று அப்பா சொல்லுவாராம். குரல் கம்ம ஆரம்பித்ததும் அக்காவுக்குப் பயம் வந்திருக்கிறது. இந்தக் குரல் போனால் தம்பிக்கு அம்மா குரலே தெரியாமல் போய்விடும் என்று, தெம்பு இருக்கும்போதெல்லாம் பேசிப் பேசி அனுப்பியிருக்கிறாள். மீதியையும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் தினமும் வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள்.

எல்லாவற்றையும் அந்தப் போன் செய்தி போல வாசித்து முடித்தது. அவர் அழுதார். ஐம்பதை நெருங்கும் ஆள் தரையில் உட்கார்ந்து அழுவதை மனைவி வாசற்படியில் நின்று பார்த்தாள். தேற்றுவதற்கு அவள் உள்ளே வரவில்லை.

“பத்திரமா எடுத்து வச்சுட்டா போதும்னு நினைச்சேன்க்கா” என்றார் அவர். “எதுல வைக்கிறது, எவ்வளவு மலிவா வாங்குறதுன்னே பார்த்துட்டிருந்தேன். நம்ம மனுஷங்க பேசும்போது அங்கயே அப்பவே உக்காந்து கேட்டுடணும். அப்புறம் கேட்டுக்கலாம்னு எடுத்து வைக்கிறதும், கேக்க மாட்டேன்னு சொல்றதும் ஒண்ணுதான். உன் குரலக் கேட்டிருந்தா உன் குரலயே காப்பாத்தியிருக்கலாம்.”

அக்கா மறுக்கவில்லை. மறுத்திருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். உண்மையை மறுக்க அவளுக்கு மனம் வரவில்லை. மடியிலிருந்த துண்டை எடுத்து அவர் முகத்தைத் துடைத்தாள். அதை மறுபடியும் மடித்து மற்ற துணிகளோடு வைத்தாள். பிறகு போனை எடுத்து நிதானமாக எழுதினாள்.

“இனிமே நீ பேசு. நான் கேக்குறேன். கேக்குறது எப்படின்னு பார்த்துக்க.”